ஐப்பசி மழையில் ஒரு பரீட்சை: அண்ணாமலை நகரும் மூன்றாம் வகுப்பும்

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு கூட்டம் நடராஜர் கோயிலைப் பார்த்துப் போகும். இன்னொன்று தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போகும். கையில் ஃபைல், தோளில் பை, கூடவே கவலையோடு ஓர் அப்பாவோ அம்மாவோ. அந்தப் பக்கம் இருப்பதுதான் அண்ணாமலை நகர்.

பள்ளிக்கூடத்தால் ஊர் வளர்வது உண்டு. படிப்பாலேயே பிறந்த ஊர் இது. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதைச் சுற்றி விடுதிகள், குடியிருப்புகள், ஜெராக்ஸ் கடைகள், மெஸ்கள். இன்று இது தனிப் பேரூராட்சி. 1979-ல் தொலைதூரக் கல்வி வந்த பிறகு, நேரில் வராதவர்களுக்கும் இந்த ஊர்ப் பெயர் மனப்பாடம். தபாலில் பாடம் வாங்கி பி.எட். முடித்த ஆசிரியர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள்.

இப்படிப் பட்டங்களால் ஆன ஊரைச் சுற்றிலும் சின்னச் சின்னத் தொடக்கப் பள்ளிகளும் இருக்கின்றன. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும், மெஸ்ஸில் பாத்திரம் கழுவுபவர் வீட்டுப் பிள்ளைக்கும், வயல் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் படிப்பு தொடங்குவது அரிச்சுவடியில்தான். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று நாடு முழுக்க ஒரே நாளில் அளந்து பார்க்க ஒரு தேர்வு இருக்கிறது.

ரேங்க் கார்டு வராத தேர்வு

அதன் பெயர் தேசிய அடைவு ஆய்வு. சுருக்கமாக 'நாஸ்'. 2021-ல் 3, 5, 8, 10-ம் வகுப்புகளுக்கு நடந்தது. எல்லாப் பள்ளியிலும் நடக்காது. அரசு, அரசு உதவி பெறும், தனியார் பள்ளிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வகுப்பில் அதிகபட்சம் 30 பேர். மூன்றாம் வகுப்புக்கு 47 கேள்விகள், 90 நிமிடம். குட்டிப் பிள்ளைகள் வினாத்தாளிலேயே விடையைக் குறிப்பார்கள். வெளியிலிருந்து வரும் கள ஆய்வாளர் அதை ஓஎம்ஆர் தாளில் ஏற்றுவார்.

முடிவில் "உங்கள் மகள் 38 மார்க்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கும் ரேங்க் கிடையாது. மாவட்டத்துக்குத்தான் மதிப்பெண். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு. கடலூர் மாவட்டம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். பக்கத்துத் தெருப் பள்ளி நல்லதா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

தேதியைப் பாருங்கள்

2017-ல் இந்த ஆய்வு நடந்த நாள் நவம்பர் 13. அடுத்து 2021-ல் நவம்பர் 12. பிறகு 'பராக்' என்ற புதிய பெயரில், 3, 6, 9-ம் வகுப்புகளுக்கு, 2024 டிசம்பர் 4. மூன்றுமே ஐப்பசி, கார்த்திகை. டெல்லிக்கு அது இதமான குளிர்காலம். கடலூர் மாவட்டத்துக்கு அடைமழைக் காலம். சிதம்பரம் வட்டாரம் காவிரி நீர் கடலில் சேரும் கடைமடை. கொள்ளிடம் நிறைந்தாலும், வீராணம் நிறைந்தாலும், வாய்க்கால் உடைந்தாலும் இங்கேதான் தண்ணீர் நிற்கும்.

2021-ஐ எடுத்துக்கொள்வோம். கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் 1 முதல் 8-ம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் திறந்தது நவம்பர் 1-ம் தேதி. 4-ம் தேதி தீபாவளி. 11-ம் தேதி மாலை காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னை அருகே கரையைக் கடந்தது. மறுநாள் தேர்வு! அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை, கடைசியாக முறையாக வகுப்பறையைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில்.

2024-ல் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாட்களில் தென்பெண்ணை பெருகி, கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நாடு முழுவதற்கும் குறித்திருந்த தேர்வு நாள் அதற்கு இரண்டு நாள் தள்ளி.

மழையால்தான் மதிப்பெண் குறைந்தது என்று சொல்லிவிட முடியாது. கொரோனா எல்லா மாநிலத்தையும்தான் தாக்கியது. ஆனால் ஓர் எண்ணைப் பார்க்கும்போது, அது எடுக்கப்பட்ட நாளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

அரும்பு, மொட்டு, மலர்

2021 ஆய்வின் முடிவு 2022 மே மாதம் வந்தது. மூன்றாம் வகுப்பு மொழிப்பாடத்தில் தேசிய சராசரி 500-க்கு 323. தமிழ்நாடு அதற்குக் கீழே. உயர்கல்வியில் முன்னால் நிற்கும் மாநிலத்துக்கு இது சுருக்கென்று தைத்தது. அடுத்த மாதமே, ஜூன் 13-ம் தேதி, 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு.

இதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பார்க்கிறார்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் கதை படிக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடம் நடத்தாமல், அவரவர் நிலையிலிருந்து தொடங்குவது. ஆட்டம், பாட்டு, பொம்மலாட்டம் என்று வகுப்பு கலகலப்பானது. மதிப்பீடுகளை செல்போன் செயலியில் பதிவேற்றவே நேரம் போய்விடுகிறது என்ற ஆசிரியர்களின் வருத்தமும் கூடவே வந்தது.

அந்த வருத்தத்துக்கு வயது அதிகம். 1862-ல் இங்கிலாந்தில், இன்ஸ்பெக்டர் வைக்கும் தேர்வில் பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று விதி போட்டார்கள். சென்னை மாகாணத்துக்கும் அந்த முறை வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்கப்போவதை மட்டும் பிள்ளைகளை உருப்போட வைக்கும் பழக்கம் வளர்ந்ததாக அப்போதே குறை சொன்னார்கள். பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டும். அதையே மருந்தாகக் கொடுக்க முடியாது.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது "எங்க பிள்ளை எத்தனாவது ரேங்க்?" என்பதை விட்டு, "டீச்சர், அரும்பா மொட்டா? அடுத்த நிலைக்குப் போக வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்?" என்று கேட்டுப் பாருங்கள். மழை விடுமுறை நாட்களில் தினம் பத்து நிமிடம் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வரச் சொல்லுங்கள்.

சிதம்பரம் போனால் தரிசனம், கொத்சு, பிச்சாவரம் படகு என்று திட்டம் இருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்கி அண்ணாமலை நகருக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். மாலையில் பல்கலைக்கழகச் சாலையில், ஆராய்ச்சி மாணவர்களின் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே பள்ளி விட்டு வரும் பொடிசுகளும் நடப்பார்கள். இந்த ஊரின் பெரிய படிப்புக்கெல்லாம் அஸ்திவாரம் அந்தப் பொடிசுகளின் புத்தகப் பைக்குள்தான் இருக்கிறது.