அக்கரப்பத்தனையில் ஒரு பனிக்காலை

"நான் பிறந்த இடத்தில் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைஞ்சு கிடக்கும் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கினம், மிஸ்." வவுனியாவில் எங்கள் தையல் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா அடிக்கடி சொல்லும் குறை இது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தாய் தகப்பனோடு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, 2009இல் செட்டிகுளம் முகாம் என்று வாழ்க்கை போய்விட்டது. அக்கரப்பத்தனையில் அண்ணன் மகள் ஒருவர் இருப்பது தெரியவந்ததும், ஒரு தை மாதத்தில் அவரை அழைத்துக்கொண்டு நான் புறப்பட்டேன்.

கண்டி, ஹட்டன், தலவாக்கலை, லிந்துலை என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். லிந்துலைக்குப் பிறகு இரு பக்கமும் தேயிலைதான். அக்கரப்பத்தனையைச் சுற்றியுள்ள மேட்டுத் தோட்டங்கள் 5,000 அடிக்கு மேலே இருக்கின்றன. டயகமவுக்கு அப்பால் மலை ஏறினால் ஹோட்டன் சமவெளி, ஏறக்குறைய 7,000 அடி. அங்கிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலியாகிறது. மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் கொட்டியாரக்குடாவில் காணும் மகாவலித் தண்ணீரில் இந்த மலையின் தண்ணீரும் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்த மாலை வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. காற்றும் இல்லை. நான் அதை நல்ல காலநிலை என்று நினைத்தேன். லயத்து இஸ்தோப்பில் நின்ற அண்ணன் மகள் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ராவைக்கு எரிச்சுப்புடும் அத்தை" என்றார்.

காலை ஆறு மணிக்கு கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனோம். ஓடைக்கரைப் பள்ளத்தில் இருந்த மலை முழுவதும் சீனி தூவியது போல் வெளுத்துக் கிடந்தது. புல்லை மிதித்தால் நொறுங்கியது. அம்மா குனிந்து விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். சின்னப் பிள்ளையாய் இருந்தபோதும் இப்படித்தான் செய்வாராம். ஆனால், கொஞ்சம் மேலே, சரிவில் இருந்த செடிகள் பச்சையாகவே நின்றன.

இது ஐரோப்பாவிலோ இமயமலையிலோ வானத்திலிருந்து விழும் பனி அல்ல. இலங்கையில் அப்படிப் பனி பொழிவதில்லை. இங்கே பத்திரிகைகள் 'துகள் உறைபனி' என்று எழுதுவது நிலத்திலேயே உண்டாகிறது. பகலில் நிலம் வாங்கிய சூடு இரவில் வெளியே போகும். மேகம் இருந்தால் அது போர்வை போல் அந்தச் சூட்டைத் தடுத்து வைக்கும். தை, மாசியில் மேகமில்லாத அமைதியான இரவு வந்தால் தடுக்க ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளம் வெளுக்கிறது, மேடு தப்புகிறது. நிழல் மரத்தின் கீழ் நிற்கும் செடியும் பெரும்பாலும் தப்பிவிடும். நீலகிரித் தேயிலைக்கும் மார்கழி, தையில் இதே நிலைதான்.

ஒன்பது மணிக்குள் வெள்ளை எல்லாம் கரைந்தது. பார்ப்பதற்கு அழகான அந்தக் காட்சி முடிந்த பிறகுதான் சேதம் தெரிந்தது. இலைக்குள் இருந்த ஈரம் உறைந்து உள்ளே கிழித்துவிடுவதால், வெயில் பட்டதும் கொழுந்து கறுத்துச் சுருண்டது. மீண்டும் பறிக்கும் அளவுக்குத் துளிர் வர வாரக்கணக்கில் ஆகும்.

அன்று பிரட்டில் எல்லோரையும் மேல் மலைக்கு அனுப்பினார்கள். அங்கே பனி எரிக்கவில்லைதான், ஆனால் குளிரில் கொழுந்து வளரவும் இல்லை. மாலையில் நிறுத்தபோது அண்ணன் மகளுக்குக் கிலோ குறைவு. "அரைப்பேருதான் போடுவாங்க" என்றார், கூடையை இறக்கி வைத்தபடி. ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். தோட்டம் கேட்கும் கிலோ வராவிட்டால் அது பாதியாகிறது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பின் கேட்கும் கிலோவும் ஏறிவிட்டது என்று பல தோட்டங்களில் பெண்கள் சொல்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. அக்கரப்பத்தனை அடங்கும் திம்புலைப் பிரதேசத்துத் தேயிலைக்கு மிகச் சிறந்த மணம் வருவது தை முதல் பங்குனி வரையில்தான். வறண்ட குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணம் கூடுகிறது, கொழும்பு ஏலத்தில் அந்தத் தேயிலைக்கு நல்ல விலையும் கிடைக்கிறது. தேயிலையின் மதிப்பை ஏற்றுகிற அதே குளிர், அதைப் பறிக்கிறவளின் பேரைப் பாதியாக்குகிறது. குளிருக்குக் கணக்குத் தெரியாது. கிலோவை மட்டும் பார்க்கும் கணக்கை எழுதியவர்கள் மனிதர்கள்தானே?

இரவில் காம்பராவின் தகரக் கூரை வழியே குளிர் இறங்கியது. அடுப்பில் மிலாறு எரிந்தது. மூத்தவர்களும் கைக்குழந்தைகளும் அடுப்பைச் சுற்றியே படுக்கிறார்கள். ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன். கதவு, யன்னலை எல்லாம் அடைத்துவிட்டுக் கரி நெருப்பை வைத்துத் தூங்கக் கூடாது. அதன் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு தோட்டத்தில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் கருகியிருந்தன. அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பு பழைய உரச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, கம்பு நட்டு, மிஞ்சிய பாத்திகளுக்கு மேலே கூடாரம் போல் கட்டத் தொடங்கினார். "இலையில முட்டக் கூடாது, பிள்ளை. இடைவெளி விட்டுக் கட்டு" என்று அண்ணன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"செட்டிகுளத்தில தறப்பாளுக்குக் கீழே இருந்தவைக்கு இது தெரியாதே?" என்றார்.

அடுத்த இரவும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. விடியற்காலை சாக்கின் மேல் வெள்ளை படிந்திருந்தது. கீழே போஞ்சி பச்சையாக நின்றது. அம்மா அதைக் கைபேசியில் படம் எடுத்து வவுனியாவுக்கு அனுப்பினார். உடனே பேரன் அழைத்தான்.

"அம்மம்மா, அது ஆனையிறவு உப்புத்தானே?"