ஜெயிச்சா மட்டும் போதாதா?

தோற்றவர்கள் அழுது பார்த்திருப்பீர்கள். ஜெயித்தவர்கள் வீட்டில் ஒப்பாரி கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். அதுவும் ஒரு வீட்டில் அல்ல, ஓர் ஊரே சேர்ந்து வைத்த ஒப்பாரி!

அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். மாப்பிள்ளைக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. 2013-ம் வருஷம் பெண்ணின் தலைப்பிரசவத்துக்காக, பிரசவ லேகியமும் சுக்குப் பொடியுமாகப் போய் இறங்கினேன். அந்த ஊரில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் வேறு பேச்சே கிடையாது. எல்லாம் ஃபுட்பால்தான். பல்கலைக்கழக மாணவர்களின் டீம்.

"நமக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கைக்குழந்தைக்காரிகளும், அவர்களைப் பார்க்கப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர்தான் ஃபுட்பால். காலால் உதைப்பது எப்போதாவதுதான். உரித்த தேங்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பிய பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், வீசுகிறார்கள். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். மைதானம் கோட்டுக்குக் கோடு நூறு கஜம். கஜக் கணக்கு நமக்குத் தெரியாததா? ஆறு கஜம், ஒன்பது கஜம் என்று புடவையில் பார்க்கிற அதே கஜம்தான். நாலு தடவைக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து அவர்களிடமே இருக்கும். இல்லையென்றால் எதிராளி கைக்குப் போய்விடும். கோட்டைத் தாண்டினால் ஆறு பாயிண்ட். பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் ஒன்று. அவ்வளவுதான்.

1927-ல் கட்டிய ஸ்டேடியம். லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 'பெரிய வீடு' என்றுதான் ஜனங்கள் செல்லமாகச் சொல்கிறார்கள். எங்கள் வீடு அதற்கு நடை தூரம். மேட்ச் நாளில் அந்தத் தெருக்காரர்கள் வாசல் புல்தரையில் காரை நிறுத்த இடம் விட்டுக் காசு வாங்குவார்கள். கார் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே அடுப்பு மூட்டிச் சமையல், சாப்பாடு! கிழவர் முதல் கைக்குழந்தை வரை மஞ்சளும் நீலமுமாக உடுத்திக்கொண்டு போவார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழா கெட்டது, போங்கள்!

செப்டம்பர் 7-ந் தேதி ராத்திரி நோட்டர் டேம் என்ற பெரிய டீமை மிஷிகன் 41-30 என்று ஜெயித்தது. அன்றைக்கு வந்த கூட்டம் 1,15,109 பேர். கிட்டத்தட்ட ஊர் ஜனத்தொகை அளவுக்கு! குழந்தை தூங்க முடியாதபடி நடுராத்திரி வரை கொண்டாட்டம்.

அடுத்த சனிக்கிழமை, 14-ந் தேதி, ஆக்ரன் என்ற சின்ன டீம் வந்தது. அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் வருஷத்துக்கு ஒரே ஒரு மேட்ச் ஜெயித்த டீம். "முப்பது பாயிண்டுக்கு மேல வித்தியாசத்துல ஜெயிப்பாங்க அத்தை, பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

பெண் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு வேடிக்கை. டி.வி.யில் படம் சில விநாடி தாமதமாக வரும். ஸ்டேடியத்துக் கூச்சல் ஜன்னல் வழியாக முன்னாலேயே வந்துவிடும். 'ஹோ' என்று சத்தம் கேட்டால், நல்லது நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு டி.வி.யைப் பார்க்கலாம். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவேயில்லை. பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற பையன் டெவின் கார்ட்னர். 1940-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய டாம் ஹார்மனின் 98-ம் நம்பர் சட்டையை, ஒரு வாரம் முன்புதான் அவனுக்குக் கௌரவமாகக் கொடுத்திருந்தார்கள். அன்று அவன் வீசிய பந்து மூன்று தடவை எதிராளி கைக்குப் போனது. அதில் ஒன்றை அவர்கள் கொண்டு ஓடிப் பாயிண்டே எடுத்துவிட்டார்கள்!

ஆட்டம் முடிய சில நிமிஷங்களே இருக்கும்போது ஆக்ரன் 24-21 என்று முன்னால் நின்றது. மிஷிகன் எப்படியோ கோட்டைத் தாண்டி 28-24 ஆக்கியது. அதோடு விட்டதா? கடைசி விநாடியில் ஆக்ரன் கோட்டுக்கு இரண்டு மூன்று கஜம் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு முந்தானை நீளம்! ஜன்னல் பக்கம் காது கொடுத்தேன். ஆரவாரம் இல்லை. லட்சம் பேர் சேர்ந்து பெருமூச்சு விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். அப்புறம் டி.வி.யில் பார்த்தோம். கடைசிப் பந்து யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுந்தது. மிஷிகன் ஜெயித்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் தெருவில் திரும்பி வந்தார்கள். துக்க வீட்டுக்குப் போய்விட்டு வருகிற மாதிரி முகம். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசியவர்களும் தலையைத் தலையை ஆட்டினார்கள்.

"தோத்துட்டாங்கன்னு நினைச்சுட்டாங்களா இவங்க?" என்றேன்.

"இல்லே அத்தை, ஜெயிச்சது பிடிக்கலை" என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் முணுமுணுப்பிலும் நியாயம் உண்டு. முதல் வரிசைக் கல்லூரி டீம்களே நூற்றிருபதுக்கு மேல் இருந்தன. சீசனுக்கு ஒரு டீம் ஆடுவது பன்னிரண்டு மேட்ச் சொச்சம். எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அதனால் பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் ஓட்டுப் போட்டு யார் உசத்தி என்று ஒரு பட்டியல் போடுவார்கள். ஜெயித்தாயா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள், எப்படி ஜெயித்தாய் என்றும் பார்ப்பார்கள். அந்த வாரம் பதினொன்றாவது இடத்தில் இருந்த மிஷிகன், ஜெயித்த பிறகு பதினைந்துக்கு இறங்கியது! ஜெயித்தும் இறக்கம்! அந்த நாளில் பல கணக்குகள் போட்டு முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள்தான் சாம்பியன் பட்டத்துக்கு மோதலாம். 2014-லிருந்து நாலு டீம், 2024-லிருந்து பன்னிரண்டு டீம் என்று வாசல் அகன்றிருக்கிறது. அன்றைக்கு வாசல் குறுகல். ஒரு மேட்ச் சொதப்பினாலும் மனசு பதறும்.

ஆனால் என் பெண்ணின் மனசு வேறெங்கோ இருந்தது.

"ஜெயிச்ச பசங்களைப் போய் இப்படிப் பேசறாங்களேம்மா" என்றாள். பத்தொன்பது, இருபது வயசுப் படிக்கிற பிள்ளைகள். அந்த நாளில் அவர்கள் ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்கவும் கூடாது. படிப்புச் செலவுக்கு உதவித்தொகை, அவ்வளவே. (2021-லிருந்து விளம்பரங்களில் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து பல்கலைக்கழகங்களே பணம் கொடுக்கலாம் என்று பிற்பாடு மாறிவிட்டது.) நான் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"எனக்கும் இதேதாம்மா நடந்தது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகஸ்டில் அவளுக்குப் பதினெட்டு மணி நேரம் இடுப்பு வலி. கடைசியில் குழந்தையின் நாடித் துடிப்பு இறங்குகிறது என்று சிசேரியன் செய்தார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலாகப் பெண் குழந்தை. இரண்டு உயிரும் நல்லபடியாக வீடு வந்தன. ஊரிலிருந்து டெலிபோன்மேல் டெலிபோன். "அடடா, நார்மல் ஆகலையா?" "நம்ம வம்சத்துல யாருக்கும் கத்தி பட்டதில்லையே!" "எடை ரெண்டரைதானா? மாசத்துல சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டா." "பால் இருக்கா, இல்லே டப்பாவா?" எல்லோரும் அன்பானவர்கள்தான். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட முதல் வார்த்தையாக, "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா? அப்பாடா!" என்று சொல்லவில்லை. அவள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரி சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நீங்களே சொல்லுங்கள். பதினெட்டு மணி நேரம் போராடி, கடைசி இரண்டு கஜத்தில் பிடித்து நிறுத்தியதற்கு இதுதானா வரவேற்பு?

மறுநாள் பக்கத்து வீட்டம்மாள் பூசணி ரொட்டி சுட்டு எடுத்து வந்தாள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். நாற்பது வருஷமாக ஒரு மேட்ச் விடாதவள். முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் பொரிந்து தள்ளினாள். "இவ்வளவு கோபமா?" என்று கேட்டேன். "கோபம் இல்லை, பயம். இப்படியே ஆடினால் அடுத்தது என்ன ஆகுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது" என்றாள். பிறகு அவளே சிரித்துக்கொண்டு, "ஆனால் பாட்டுப் பாடிவிட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

பாட்டின் கதையையும் சொன்னாள். மிஷிகன் ஜெயித்தால் 'தி விக்டர்ஸ்' என்ற பாட்டை வாத்தியக் குழு வாசிக்கும், ஜனங்கள் கையை உயர்த்திப் பாடுவார்கள். அதை எழுதியவர் லூயி எல்பல் என்ற மாணவர். 1898 நவம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தை மிஷிகன் ஜெயித்த சந்தோஷத்தில் எழுதினாராம். அந்த மேட்ச் எத்தனை பாயிண்ட் வித்தியாசம் தெரியுமா? 12-11. ஒரே ஒரு பாயிண்ட்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றுச் சொச்சம் வருஷமாக லட்சம் பேர் நின்று பாடுகிற வெற்றிப் பாட்டு, ஒரு பாயிண்டில் தப்பிப் பிழைத்த வெற்றிக்குப் பிறந்தது! எல்பல் உட்கார்ந்து, "ஒரு பாயிண்ட்தானே, இதற்கெல்லாம் பாட்டா?" என்று நினைத்திருந்தால்?

பக்கத்து வீட்டம்மாளின் பயம் வீண் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் கனெக்டிகட் டீமோடு 21-7 என்று பின்தங்கி, 24-21 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். வருஷக் கடைசியில் ஏழு வெற்றி, ஆறு தோல்வி. நவம்பர் 30-ந் தேதி பரம எதிரியான ஒஹையோ ஸ்டேட்டிடம் 42-41 என்று தோற்றார்கள். காலில் அடிபட்ட வலியோடு அதே கார்ட்னர் 451 கஜம் பந்து வீசினான். அன்றைக்கு அந்தத் தெருவில் திரும்பியவர்கள் அவனைத் திட்டவில்லை. "பாவம், உயிரைக் கொடுத்து ஆடினான்" என்றார்கள். ஜெயித்தபோது கிடைக்காத நல்ல வார்த்தை, தோற்றபோது கிடைத்தது!

ஆகவே, குறையைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பந்து மூன்று தடவை கைநழுவினால் அதைத் திருத்தத்தான் வேண்டும். குழந்தை எடை குறைவாக இருந்தால் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பாட்டு, அப்புறம் பாடம். வரிசை மாறினால் பாட்டும் போச்சு, பாடமும் ஏறாது.

பிரசவ வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சிசேரியன் என்பது சுலப வழி அல்ல, வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய ஆபரேஷன். சுமார் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக் கூடாது. இருமல், தும்மல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள், தையலில் வலி குறையும். சிசேரியன் ஆனாலும் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். சிலருக்குப் பால் சுரக்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவதும், பத்துப் பதினாலு நாளில் அதைத் திரும்பப் பெறுவதும் சகஜம். அதற்குள் "இளைச்சுப் போச்சே!" என்று தாயின் வயிற்றில் புளியைக் கரைக்காதீர்கள். பெற்றவளுக்கு முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு. அதற்கு மேலும் நீடித்தாலோ, சாப்பாடு, தூக்கம் கெட்டாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லி விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அது மருந்தும் சிகிச்சையும் உள்ள உடம்புக் கோளாறுதான்.

என் பெண் இரண்டு மாதத்தில் தேறிவிட்டாள். ஊரிலிருந்து போன் வந்தால் நான் முந்திக்கொண்டு எடுத்து, "ரெண்டு பேரும் ஜம்முனு இருக்காங்க. முதல்ல அவளுக்கு வாழ்த்துச் சொல்லுங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்பேன். முதலில் திகைத்தவர்களும் பிறகு பழகிக்கொண்டார்கள்.

மிஷிகன் டீம் 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது. அந்த சீசனில், 2023 நவம்பர் 18-ந் தேதி, அவர்களுடைய ஆயிரமாவது வெற்றி வந்தது. கல்லூரி ஃபுட்பாலில் வேறு எந்த டீமும் அதுவரை ஆயிரத்தைத் தொட்டதில்லை. மேரிலாந்து டீமோடு 31-24. அதுவும் மூச்சு முட்டிப் பிழைத்த வெற்றிதான். கணக்குப் புத்தகத்தில் அது ஆயிரம் என்றுதான் பதிவாயிருக்கிறது. பக்கத்தில் 'சுமாராக' என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

உங்கள் தெருவில் இப்போது எந்த வீட்டிலாவது பச்சைக் குழந்தை இருக்கும். போய்ப் பார்க்கும்போது தொட்டிலை எட்டிப் பார்க்கும் முன் பெற்றவள் முகத்தைப் பாருங்கள். "நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். எடை போட டாக்டர் இருக்கிறார்.