வீட்டில் நகை இல்லையா?

ஹைன்ஸின் மனைவி சாகக் கிடக்கிறாள். அவளைப் பிழைக்கவைக்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று. அதே ஊர் மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தது. செய்வதற்கு ஆன செலவைப்போலப் பத்து மடங்கு விலை சொல்கிறார். ஹைன்ஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் அலைந்தும் பாதிப் பணம்தான் சேர்ந்தது. மீதியைப் பிறகு தருகிறேன் என்று கெஞ்சினான், அவர் மசியவில்லை. ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தைத் திருடினான். அவன் செய்தது சரியா?

சிறுவர்களிடம் அறவுணர்வு எப்படி வளர்கிறது என்று அறிய, 1950களில் அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் கேட்கத் தொடங்கிய கேள்வி இது. கல்யாண வீட்டுப் பந்திக்குப் பின்னும், ரயிலிலும், கரண்ட் போன இரவுகளிலும் நானும் இதைக் கேட்டுவருகிறேன். சரியா தப்பா என்று எதிரில் இருப்பவர்கள் முடிவாகச் சொல்வதைவிட, அதற்கு முன்னால் என்னைத் திருப்பிக் கேட்பதுதான் எனக்கு ருசி.

மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனர், "டப்பாவுல எம்.ஆர்.பி. போட்டிருக்குமே, அதுக்கு மேல எப்படி விப்பான்?" என்றார். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்த்து ஓய்வு பெற்ற மாமா, "வீட்ல நகை இல்லையா?" என்றார். அத்தைக்கு, பாதிப் பணத்துக்குப் பாதி மருந்தாவது கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஆதங்கம். கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் கேட்டதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: "ஹைன்ஸுக்குப் பேரு இருக்கு. அந்தம்மாவுக்கு ஏன் மாமா பேரு இல்ல?" கோல்பர்க்கின் கதையில் அவள் வெறும் மனைவிதான். அவளுக்கு என்ன வேண்டும் என்று கதையில் யாரும் கேட்பதில்லை.

இப்படி யாராவது கேட்டதும் கூட்டத்தில் ஒரு குரல் அதட்டும். "அதெல்லாம் கதையில கிடையாது. சரியா, தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." இந்த அதட்டலை என்னால் ஏற்கவே முடிந்ததில்லை. பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி வேண்டும், நடுவர் வேண்டும், தீர்ப்பு வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது அவற்றுக்கு என்ன அவசரம்?

இதே அதட்டலை மரியாதையான முறையில் வாங்கிக்கொண்ட சிறுமி ஒருத்தி உண்டு. கரோல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட ‘இன் எ டிஃபரண்ட் வாய்ஸ்’ நூலில் அவளுக்கு ஏமி என்று பெயர். வயது பதினொன்று. அவளோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஜேக்கிடமும் ஹைன்ஸின் கதையைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஜேக் தயங்கவே இல்லை. பணத்தைவிட உயிர் பெரிது, ஆகவே திருட வேண்டியதுதான் என்கிறான். அவனுக்கு அது மனிதர்களை வைத்துப் போட்ட ஒரு கணக்கு.

ஏமி அப்படி நேராக வரவில்லை. திருடக் கூடாது, அதற்காக மனைவியைச் சாகவிடவும் கூடாது என்கிறாள். கடன் வாங்கலாம், வேறு ஏதாவது வழி பார்க்கலாம். திருடி அவன் சிறைக்குப் போய்விட்டால் அடுத்த முறை அவளுக்கு நோய் முற்றும்போது மருந்துக்கு யார் போவார்கள்? கணவனும் மனைவியும் கலந்து பேசட்டும். கடைக்காரரிடமும் நிலைமையை விளங்கச் சொல்லட்டும். பேட்டி எடுப்பவர் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார். ஏமி அதே பதிலை மறுபடி சொல்கிறாள். மீண்டும் கேள்வி. தான் சொன்னது தப்போ என்ற தடுமாற்றம் மெல்ல அவள் குரலில் ஏறுகிறது. அறவுணர்வின் வளர்ச்சியைப் படிபடியாக அளக்கும் கோல்பர்க்கின் அளவுகோலில் அவள் ஜேக்கைவிட ஒரு படி முழுதாகக் கீழே நிற்கிறாள். அந்த அளவுகோலோ ஆண் பிள்ளைகளை மட்டும் வைத்து ஆராய்ந்து உருவாக்கியது. ஜேக் பதில் சொன்னது திருடலாமா என்ற கேள்விக்கு. ஏமி பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் அவளுக்காக எனக்கு மனம் வேகும்.

ஏமி சொன்னது குழந்தைப் பேச்சா? நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சொராஃபெனிப் மருந்துக்குக் காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனம் ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலை வைத்தது. யாரும் கடையை உடைக்கவில்லை. காப்புரிமைச் சட்டத்திலேயே கட்டாய உரிமம் என்று ஒரு வழி இருந்தது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதைக் கேட்டு விண்ணப்பித்தது. 2012 மார்ச்சில் உரிமம் கிடைத்தது. மாத மருந்தை 8,800 ரூபாய்க்கு விற்க வேண்டும், விற்பனையில் 6 விழுக்காடு பேயருக்கு என்பது உத்தரவு. மேல்முறையீட்டில் சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அந்த 6ஐ 7 ஆக்கி, உரிமத்தை உறுதிசெய்தது. கண்டுபிடித்தவருக்கும் பங்கு, நோயாளிக்கும் மருந்து. உட்கார்ந்து பேசு என்று ஏமி சொன்னதைப் பெரியவர்கள் சட்டமாக எழுதிவைத்தால் அது இப்படித்தான் இருக்கும்.

நிஜமாகவே இரண்டே வழி உள்ள இடமும் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. 1884இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட மின்யொனெட் என்ற பாய்மரப் படகு நடுக்கடலில் மூழ்கியது. சிறு படகொன்றில் நான்கு பேர் தப்பினார்கள். அங்கே அடகு வைக்கவும் முடியாது, கடன் கேட்கவும் ஆள் கிடையாது. பட்டினியில் டட்லி, ஸ்டீஃபன்ஸ் என்ற இருவர், மயங்கிக் கிடந்த பதினேழு வயது ரிச்சர்ட் பார்க்கரைக் கொல்ல முடிவுசெய்தார்கள். டட்லி கத்தியை எடுத்தார். மூன்றாமவரான புரூக்ஸ் அதற்குச் சம்மதிக்கவில்லை. பிறகு உண்டவர்களில் அவரும் ஒருவர். கொலை நடந்த நான்காம் நாள் கப்பல் வந்தது. பார்க்கரை உண்ணாதிருந்தால் மற்றவர்கள் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான் என்றும் நீதிமன்றத்தில் பதிவானது. டட்லிக்கும் ஸ்டீஃபன்ஸுக்கும் மரண தண்டனை விதித்து, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைத்தார்கள். இந்த வழக்கை நினைக்கும்போது எனக்கு எந்தப் பதிலும் வருவதில்லை. அப்படி ஒன்றும் வராமல் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளமும் அதை மதித்தது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும் என்பதுதானே அதன் மிரட்டல்? அது சொல்லும் கடைசிக் கதையில் தந்தை ஒரு பெண்ணையும், அவன் மகன் அந்தப் பெண்ணின் தாயையும் மணந்துகொள்கிறார்கள். பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? விக்கிரமாதித்தனுக்குத் தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். தலை வெடிக்கவில்லை. மகிழ்ந்துபோன வேதாளம், தன்னைத் தூக்கிவர அவனை அனுப்பிய சாமியார் விரித்திருக்கும் வலையை அவனுக்குச் சொல்லித் தப்பவைக்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒருவர் பேசாமல் இருந்தார். பெரியப்பா. ஹைன்ஸின் கதையை வைத்து எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது வெற்றிலையைத் தொடையில் துடைத்து, காம்பு கிள்ளி, நரம்பை உரித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, சுண்ணாம்பு தடவியபடி என்னைப் பார்க்காமலே பேசினார்.

"நிலத்த வித்துதாம்ப்பா உங்க பெரியம்மாவுக்கு வைத்தியம் பாத்தேன். அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. பத்திரம் பதிஞ்சிட்டு வந்தன்னிக்கு, ‘பிள்ளைங்களுக்கு என்னத்த வச்சீங்க’ன்னு அழுதா. அப்புறமும் ஆறு வருஷம் இருந்தா. அவ சொன்னது சரியா, நான் செஞ்சது சரியான்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல."

நிலம் விற்றது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா அழுதது யாருக்கும் தெரியாது. நேராகக் கேட்டிருந்தால் பெரியப்பா சொல்லியிருக்க மாட்டார். எந்த நாட்டிலும் வாழாத ஒரு ஹைன்ஸின் பின்னால் ஒதுங்கி நின்றுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. கற்பனைக் கேள்விகள் வெட்டிப் பேச்சு என்பவர்களோடு அன்றிலிருந்து நான் ஒத்துப்போவதே இல்லை.

உங்கள் வீட்டிலும் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். யாராவது "நகை இல்லையா?" என்று கேட்டால், கதையில் கிடையாது என்று அடைத்துவிடாதீர்கள். இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், அவர் பேசட்டும். சரியா தப்பா என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.