பழைய வீட்டில் ஒரு பரண்

வீட்டில் இடம் போதவில்லை என்றால் நாம் வீட்டை இடித்து விடுவதில்லை. ஒரு பரண் கட்டிக் கொள்கிறோம். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரண நியாயம் நமக்கு மறந்து போகிறது. நாலைந்து வருஷம் ஆகிவிட்டதா, தூக்கிப் போடு! போகிப் பண்டிகை வரைக்கும்கூட நமக்குப் பொறுமை இல்லை.

குன்றத்தூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், எண்பதை நெருங்குகிறவர். அவர் வீட்டுக் கூடத்தில் எக்ஸ்.டி. ரகத்துப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. மூடிப் போன ஓர் அச்சகத்திலிருந்து 1990-களில் சல்லிசாக வாங்கியது. அதில் அவர் ஓர் அகராதி எழுதி வருகிறார். செம்பரம்பாக்கம் ஏரியை நம்பிப் பயிர் செய்த குடியானவர்கள் மதகுக்கும் மடைக்கும் கலங்கலுக்கும் சேற்றுக்கும் வைத்திருந்த சொற்கள் அவை. வயல்களில் பல இன்று மனைகளாகிவிட்டன. சொல்லிக் கொடுத்தவர்களிலும் பலர் போய்விட்டார்கள். அந்தச் சொற்கள் மிஞ்சியிருப்பது பெட்டிக்குள் சுழலும் இருபது மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கில்தான்.

போன வருஷம் அந்த டிஸ்க் முனக ஆரம்பித்தது.

“எல்லாத்தையும் லாப்டாப்புக்கு மாத்திட்டு, இதைக் கழிச்சுடலாம்ப்பா” என்றான் மகன்.

“எழுத்தை மாத்தலாம். என் விரலை எங்கேடா மாத்துவே?” என்றார் அப்பா.

அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அந்த விசைப்பலகை ஒன்றுதான் கண்ணின் தயவில்லாமல் அவருக்கு வசப்படும். மகனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழவர் சொன்னதில் இருந்த நியாயம் பெரியது.

ரிச்சி தெருவில் தொழில் பழகிய ஒரு பையனை அழைத்து வந்தேன். அவன் பெட்டியைத் திறந்து, காலியாயிருந்த ஸ்லாட் ஒன்றில் ஒரு கார்டைச் செருகினான். எக்ஸ்.டி.-ஐ.டி.இ. என்று அதற்குப் பெயர். பழைய கம்ப்யூட்டர்களின் பேரில் பிரியம் கொண்டவர்கள் வடிவமைத்து, வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல், தீப்பெட்டியளவு நீள அகலமுள்ள ‘காம்பாக்ட் ஃப்ளாஷ்’ நினைவக அட்டை. 1994-இல் வந்த இந்த அட்டைக்கு ஐ.டி.இ. ஹார்ட் டிஸ்க் பேசும் பாஷையே தெரியும். சுழலும் பாகம் எதுவும் கிடையாது.

பழைய யந்திரம் இந்தப் புது விருந்தாளியை எப்படி அடையாளம் காண்கிறது? கண் விழித்ததும் அது, கார்டுகளில் ஏதாவது நிரல் எழுதிய சிப் இருக்கிறதா என்று தேடும். கார்டிலுள்ள நிரல் உடனே எழுந்து, “நானும் ஒரு ஹார்ட் டிஸ்க்தான்” என்று சொல்லிவிடுகிறது. 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.க்கு இந்தத் தேடும் வழக்கம் கிடையாது. 1982 அக்டோபர் தேதியிட்ட பயாஸில்தான் வந்தது.

அட்டையின் கொள்ளளவு இரண்டு ஜிகாபைட். ஆனால் அதிலுள்ள டாஸ் 3.3, ஒரு பகுதியில் 32 மெகாபைட்டுக்கு மேல் ஆளத் தெரியாதது. ஏரியையே கொண்டு வந்து வைத்தாலும் அதன் குடம் அவ்வளவுதான். போகட்டும், அகராதிக்கு அதுவே தாராளம்.

பக்கத்து ஸ்லாட்டில் இன்னொரு கார்டு இருந்தது. பையன் அதைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அது ஜிஸ்ட் கார்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்து, புனேயின் ஸி-டாக் நிறுவனத்தில் வளர்ந்து, ஆங்கிலம் மட்டுமே அறிந்த கம்ப்யூட்டர்களுக்கு இந்திய எழுத்துக்களைக் கற்றுக் கொடுத்தது. ஆக, இந்தப் பெட்டிக்குத் தமிழ் வந்ததே ஒரு கார்டைச் செருகியதால்தான்; இப்போது ஆயுள் நீண்டதும் அப்படியே.

பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் அட்டைக்குப் பிரதி செய்தோம். ஒரு கோப்புகூடக் கெடவில்லை. பிறகு மகன் கேட்டபடி, இன்னொரு பிரதியை லாப்டாப்புக்கும் எடுத்தோம். அவை ‘இஸ்கி’ என்ற பழைய குறியீட்டில் இருந்ததால், யூனிகோடாக மாற்ற வேண்டியிருந்தது. ஓலையிலிருந்து ஓலைக்குப் பெயர்த்து எழுதியவர்கள் செய்ததும் இதே வேலைதானே? ஓர் ஓலை எத்தனை காலம் இருக்கும் என்பதல்ல, அடுத்த ஓலையை யாராவது எழுதுவார்களா என்பதே அன்றைய கேள்வி. சிலிக்கன் அட்டைக்கும் சாவு உண்டு. பெட்டி கிழவரின் விரலுக்கு. பிரதி பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கு. இரண்டும் வேண்டும்.

அன்று மாலையே அவர் உட்கார்ந்து விட்டார். நான் விடைபெற்றபோது ஏறிக்கொண்டிருந்த சொல் ‘நீர்க்கட்டி’. ஏரித் தண்ணீரை முறை வைத்து வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிறவன் என்று பொருள்.