அடுத்த மேசை

மார்க்கெட் ஸ்திரீட்டில் கடை திறக்கிற நேரம். துணிக்கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே போயின. பாட்டுக் கடை தன் முதல் பாட்டைத் தெரு முழுவதற்கும் கேட்கும்படி வைத்துவிட்டது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். 1833இல் இருந்து அந்தக் கோயில் அங்கே நிற்கிறது. தீபாவளி நெருங்கினால் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் தமிழர்களுக்கு இந்த இரண்டு தெருக்களிலும் ஏதாவது வேலை இருக்கும்.

தேநீர்க் கடையில் அடுத்த மேசைக்கு வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நல்ல உடற்கட்டு, இஸ்திரி போட்ட சட்டை. கூடவே மனைவியும் பள்ளியில் கடைசி வருடம் படிக்கிற வயதில் ஒரு மகளும்.

"நீங்க இங்கேயே உக்காருங்க. கடைக்குள்ள கூட்டமா இருக்கும். நாங்க பாத்துட்டு வந்துர்றோம்" என்றார் மனைவி.

உள்ளே மின்விசிறிக்குக் கீழே மேசைகள் காலியாகத்தான் இருந்தன. அவர் அங்கே போகவில்லை. வெளித் தாழ்வாரத்தில், தூணை ஒட்டி, சட்டென்று எழுந்து போக வசதியான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். தே தாரிக் என்கிற பால் தேநீர் வந்தது. அவர் தொடவில்லை. நுரை அடங்கி மேலே ஆடை படிந்தது.

தெருவில் போகிறவர்களுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். ஆனால் அந்த உடம்பில் ஓர் இடம்கூடச் சும்மா இல்லை. வலது கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் துடைத்தார். தோள்கள் இரண்டும் உயர்ந்து விறைத்திருந்தன. தாடை இறுகியிருந்தது. சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுத்தார். பிறகு இரண்டு விரலைக் கழுத்தோரம் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாடியை எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் முகம் தெளியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

எதிரே சாமான் இறக்க வந்த லாரியின் பின்கதவு தடாலென்று விழுந்தது. அந்தத் தெருவில் அது தினமும் கேட்கிற சத்தம். யாரும் திரும்பவில்லை. அவர் மட்டும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதப் பொட்டலம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்ன தம்பி, பசியாறிட்டியா?"

"இன்னும் இல்லண்ணே. வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

"போன மாசம் நெஞ்சுன்னு சொன்னே?"

"நெஞ்சும்தான்." குரல் தணிந்தது. "ரெண்டு தடவ எமர்ஜென்சிக்குப் போயிட்டேன். நடுராத்திரி. படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, விரலெல்லாம் மரத்துப் போவுது. செத்துருவேன்னே நினைச்சேன். ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க."

"ஒண்ணுமில்லன்னா சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?"

அவர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காக மடித்த காகிதம் ஒன்று அங்கே துருத்திக்கொண்டிருந்தது.

இருதயத்தில் கோளாறு இல்லை என்பது நல்ல செய்தி. அதை முதலில் பார்த்ததும் சரியான காரியம். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், உடம்பு குளிர்ந்து வியர்த்தால், உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வெறும் பதற்றம் என்று வீட்டில் யாரும் முடிவுகட்டக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தச்சோகை இருந்தாலும் நெஞ்சு இப்படிப் படபடக்கும். ஆனால் சோதனைகள் எல்லாம் சரியாக வந்த பிறகும் இந்த மனிதருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. விரல் மரத்தது நிஜம். மூச்சு முட்டியது நிஜம்.

ஆபத்து வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொண்டால், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் விடும். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தயாராகும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915இல் ஒரு நூலாகவே எழுதினார். இதயம் வேகம் எடுக்கும். தசைகள் இறுகும். உள்ளங்கை வியர்க்கும். குடலுக்குப் போகிற இரத்தம் குறைந்து வயிறு கலங்கும். மூச்சு தேவைக்கு மேல் வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, தலை கிறுகிறுப்பது அதனால்தான். காற்றே போதவில்லை என்று தவிக்கும் அந்த நேரத்தில் அவர் வேண்டியதைவிட அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். இந்த வேகம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். ஆனால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் அத்தனை சீக்கிரம் இறங்காது. கழுத்தில் விரல் வைத்து எண்ண வைப்பது அந்தப் பயம்தான். இவ்வளவையும் யாராவது அவரை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், இரண்டாவது தடவை அந்த நடுராத்திரி அவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது.

பெரியவர் தனக்குப் பால் சேர்க்காத தே ஓ ஒன்று சொன்னார். "தூங்குறியா?"

"எங்கண்ணே. நைட் சிஃப்ட் முடிஞ்சு படுத்தா ஒடம்பு அசந்து போவுது, நெனப்பு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. ஃபேக்டரியில ஆள் கொறைக்கப் போறாங்கன்னு பேச்சு. வீட்டு லோன் இருக்கு. பிள்ளைக்கு எஸ்.பி.எம். பரீட்ச வருது. இன்னும் ஒண்ணுமே நடக்கல அண்ணே. எல்லாமே நடந்து முடிஞ்சுட்ட மாதிரி இருக்கு."

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அன்றிலிருந்து இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்கள் நைட் சிஃப்ட் சம்பளத்தில் எழுந்து நின்றிருக்கின்றன. பகலில் சன்னலை மூடிக்கொண்டு தூங்குவது அந்த வீடுகளில் சாதாரணம். அதனால் தூக்கம் கெட்டால் சிஃப்ட்டைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"வேலையில?"

"ஒரே ஃபாரத்த மூணு தடவ படிக்கிறேன். மனசுல நிக்க மாட்டேங்குது. வீட்டுல சின்னச் சத்தம் கேட்டாலும் பிள்ளை மேல எரிஞ்சு விழறேன். அப்புறம் நானே போய் உக்காந்துக்குறேன்."

அடக்க முடியாத கவலை, நிலைகொள்ளாமை, சீக்கிரம் அசந்துபோவது, மனம் ஒன்றாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு. மனநல மருத்துவர்கள் பொதுவான பதற்ற நோய்க்குப் பார்க்கும் அடையாளங்கள் இவை. கவலையோடு மற்றவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து ஆறு மாதம் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அது சிகிச்சை வேண்டிய நிலை. இவர் ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டு முறை மருத்துவமனைக்குப் போனபோது இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். நெஞ்சு என்று சொல்லிப் போனவரிடம் நெஞ்சைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள்.

"அம்மா எப்படி இருக்காங்க? பட்டர்வொர்த் போனியா?"

அதுவரை ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"போகல."

"வயசானவங்க, எதிர்பாத்துக்கிட்டு இருப்பாங்களே தம்பி."

"பாலத்துல போக முடியலண்ணே."

தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. நீளம் 13.5 கிலோமீட்டர். இவர் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்ற காலத்திலிருந்து அதில் போய் வந்துகொண்டிருப்பவர்.

"நடுப்பாலத்துலதான் மொதத் தடவ வந்துச்சு. கையி ரெண்டும் மரத்துப் போச்சு. மோட்டர ஓரங்கட்டிட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல மத்த மோட்டரெல்லாம் பறக்குது. முன்னாடியும் போக முடியல, திரும்பவும் முடியல. அதுக்கப்புறம் ஃபெர்ரியில போனேன். இப்ப ஃபெர்ரிய நினைச்சாலே கை வேர்க்குது. தண்ணி நடுவுல வந்துட்டா எங்க எறங்குறது?"

முதலில் பாலம் போயிற்று. பிறகு ஃபெர்ரி. இன்று காலை கூட்டமான துணிக்கடை. வெளித் தாழ்வாரத்தில் தூணோரத்து நாற்காலியை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் இதே காரணம்தான். ஓர் இடத்தைத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே மறுநாள் பயத்தைக் கொஞ்சம் வளர்த்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மனிதரின் நடமாட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. படபடப்பையும் வியர்வையையும் கருவியால் அளந்துவிடலாம். ஒருவர் போகாமல் விட்ட இடங்களை எந்தக் கருவியும் காட்டாது. அவர்தான் சொல்ல வேண்டும், அல்லது கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மனைவி திரும்பி வந்திருந்தார். இரண்டு கையிலும் துணிப் பைகள். தூணுக்குப் பின்னால் நின்று எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. பைகளை மேசைமேல் வைத்தார்.

"அத்தகூடச் சண்டன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "நாலு மாசமா நானும் கேக்கல, நீங்களும் சொல்லல."

"என்னன்னு சொல்லச் சொல்ற? பாலத்தக் கண்டா பயம்னா? இந்த வயசுலயா? மெந்தல்னு எழுதிட்டா ஃபேக்டரியில வச்சுக்குவானா?"

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைகள் திரும்பின. மகள் ஓர் அடி பின்வாங்கினாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணையும் பார்த்திருக்க வேண்டும். நகங்கள் சதை வரை கடிபட்டிருந்தன. அம்மா வாங்கிக் கொடுத்திருந்த தோசைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கையில் இருந்தது. கடைக்காரரிடம் மெதுவாகக் கழிவறை எங்கே என்று கேட்டாள். துணிக்கடைக்குக் கிளம்புவதற்கு முன்பும் இதே கடையில் அவள் அதைத்தான் கேட்டுப் போய் வந்தாள்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2017இல் 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களிடம் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. ஏறக்குறைய ஐந்தில் இருவரிடம் பதற்ற அறிகுறிகள் தெரிந்தன. பள்ளி நாளில் மட்டும் வருகிற வயிற்று வலி, காலையில் இறங்காத சாப்பாடு, அடிக்கடி கழிவறை, பதில் தெரிந்தும் பரீட்சை மண்டபத்தில் வெறுமையாகிவிடும் தலை: பிள்ளைகளிடம் பதற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. படிக்கச் சோம்பல் என்று திட்டு வாங்கிக்கொண்டு எத்தனை பிள்ளைகள் இதைத் தனியாகச் சுமக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

பெரியவருக்குக் கண் கூர்மை. திரும்பி வந்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஒனக்கும் வயிறு சரியில்லையா கண்ணு?"

அவள் அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். "காலையில மட்டும்தான் தாத்தா. பரீட்ச நெனப்பு வந்தா."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. தன் உடம்பில் தெரிந்தபோது வெட்கமாக இருந்த ஒன்று மகளின் உடம்பில் தெரிந்ததும் அவருக்கு வெட்கமாகப் படவில்லை. "எப்போலேர்ந்தும்மா?" என்று கேட்டார். அன்று காலை முழுவதும் அவர் வேறொருவரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

மனைவி உட்கார்ந்தார். அவர் பேச்சில் தயக்கம் இல்லை. "நாளைக்கு ரெண்டு பேரும் அரசாங்கக் கிளினிக்குக்கு வர்றீங்க. ஒரு வெள்ளிதான். என் அக்காவும் போனா. கவல எவ்வளவு, தூக்கம் எப்படின்னு கேள்வித்தாள் குடுப்பாங்க. அவ ஒண்ணும் மெந்தல் ஆயிடல. இப்ப நல்லா வேலைக்குப் போறா."

அந்த அக்காவிடம் கொடுத்தது இப்படி ஒன்றாக இருந்திருக்கலாம்: 2006இல் வெளிவந்த ஏழு கேள்விகள் கொண்ட தாள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது, கவலையை நிறுத்த முடிந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பயம் வந்ததா என்று கேட்கும். மொத்தம் 21 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் விரிவாக விசாரிப்பார். பிறகு வழிகள் உண்டு. பயப்படும் இடத்துக்குத் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாக, மறுபடியும் போகப் பழக்கும் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டவர்களுக்குச் சில வாரங்களில் பலன் தரத் தொடங்கும் மாத்திரைகள் உண்டு. நேரில் போகத் தயங்குகிறவர்கள் பேசுவதற்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைப்பது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். குணமாக வழி இருந்தும் இத்தனை பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் இதில் பெரிய துயரம்.

"கோயிலுக்கும் வா, டாக்டரையும் பாரு" என்றார் பெரியவர். "அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

மனைவி கணவர் பக்கம் திரும்பினார். "நெஞ்ச மட்டும் சொல்லிட்டு வந்துறாதீங்க. இங்க அண்ணன்கிட்டச் சொன்னதெல்லாம் அங்கயும் சொல்லணும்."

"டாக்டர் முன்னாடி உக்காந்தா எல்லாம் மறந்துரும்."

"எழுதிக் குடுத்துரலாம்பா" என்றாள் மகள். துணிக்கடை ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பி, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அவள்.

"ஒங்களுக்கு மொதல்ல நெஞ்சுன்னு போடவா?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பாலத்த மொதல்ல எழுதும்மா" என்றார்.