அந்த ‘ஒன்லி’யை எங்க வைக்க?

தேர்ட் இயர் மினி புராஜெக்ட் வைவா. செடிக்குத் தானா தண்ணி விடுற ஆர்டுயினோ செட்டப். டீம்ல மூணு பேர். “ஹூ ரோட் த கோட்?”னு எக்ஸ்டர்னல் கேட்டார். நான் பெருமையா, “சார், ஐ ஒன்லி ரோட் த கோட்”னேன்.

“ஓகே. சர்க்யூட் யாரு?”னு பக்கத்துல நின்னவனைப் பார்த்தார்.

சர்க்யூட்டும் நான்தான். டெஸ்டிங்கும் நான்தான். ஆனா அவர் காதுல விழுந்தது ‘நான் கோடு மட்டும்தான் எழுதினேன்’. விளக்கம் சொல்றதுக்குள்ள அடுத்த டீமைக் கூப்பிட்டாச்சு. மூணு பேர்ல எனக்குத்தான் மார்க் கம்மி.

எங்க ஊர் தோவாளை. பூச்சந்தைல விடியக்காலம் நடக்கிற சண்டைல பாதி, ‘தான்’ எங்க விழுதுங்கிறதுலதான். “நான்தான் நேத்து பிச்சி வாங்கினேன்”, “நான் நேத்துதான் பிச்சி வாங்கினேன்”, “நான் நேத்து பிச்சிதான் வாங்கினேன்”: மூணும் வேற வேற வழக்கு. நம்ம ‘தான்’ எந்த வார்த்தைல ஒட்டுதோ அதோடயே போகும். வார்த்தைகளை இடம் மாத்திப் போட்டாலும் பெருசா குழப்பம் வராது. இங்கிலீஷ்ல ‘ஒன்லி’ ஒட்டாது. ‘ஐ’க்கும் வினைக்கும் நடுவுல நின்னா, பொதுவா பின்னால வர்றதைத்தான் பிடிக்கும். பேசும்போது அழுத்தத்தை வச்சு ஒப்பேத்தலாம். மெயில்ல அழுத்தம் கேக்காதே.

‘ஆல்வேஸ்’, ‘ஆல்ரெடி’ எல்லாம் இவ்வளவு மோசமில்ல. மெயின் வெர்புக்கு முன்னால, ‘ஈஸ்’, ‘ஹாவ்’ மாதிரி ஆளுங்க இருந்தா அதுக்குப் பின்னால. இன்னொண்ணு, வெர்புக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவுல பொதுவா நுழைய விடமாட்டாங்க. அம்மா ‘நல்லா பூ கட்டுவா’, ‘பூ நல்லா கட்டுவா’ ரெண்டும் நமக்குச் சரி. அங்க ‘ஷீ டைஸ் ஃப்ளவர்ஸ் வெல்’ மட்டும்தான். ‘டைஸ் வெல் ஃப்ளவர்ஸ்’னா போச்சு.

வைவா கதையை வீட்டுல சொன்னப்ப அம்மா பூவுல இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டா: “ராத்திரி பூரா நீதானே மக்கா முழிச்சிருந்த? அத அவருட்ட சொல்ல வேண்டியதுதானே?”

அப்பதான் உறைச்சுது. அம்மா சொன்ன ரெண்டு ‘தான்’ல ஒண்ணுகூட ‘ஒன்லி’ இல்ல! ‘நான் மட்டும்’னா ‘ஒன்லி ஐ’. ‘நான்தான்’னா ‘ஐ வாஸ் த ஒன் ஹூ ரோட் இட்’. இடம் மட்டும் தப்பில்ல, வார்த்தையே தப்பு. எல்லா ‘தான்’க்கும் ‘ஒன்லி’யைப் போட்டே பழகிட்டோம்.

இதெல்லாம் நோட்ல எழுதி வச்சுக்கிட்டுத்தான் போன வாரம் மாக் இன்டர்வியூவுக்குப் போனேன். முதல் கேள்வி, எந்த ஊர்னு.

“தோவாளை ஒன்லி, சார்.”