அப்பா நட்ட குச்சி

மழை என்றாலே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, இன்று பால் வெட்டு இல்லை, பேர் விழாது என்று அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று கவலைப்படுவது. மற்றொன்று, லயத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றில் செம்மண் நீர் புரண்டு வரும் வேடிக்கை. கவலை பெரியவர்களுக்கு, வேடிக்கை எங்களுக்கு. அந்த வேடிக்கைக்கும் ஆபத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான் என்பதை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே நான் உணர்ந்தேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது ரவாங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில். கோலாலம்பூரிலிருந்து வடக்கே செல்லும் பழைய சடக்கில், ரவாங்கை எட்டுவதற்கு முன்பே கன்சிங் நீர்வீழ்ச்சி வந்துவிடும். ஏழு அடுக்காக விழும் அருவி அது. கீழ் அடுக்குகளுக்குப் படிக்கட்டு உண்டு. மேலே போகப் போக வேர்களைப் பிடித்துக்கொண்டு ஏறும் ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பாறைகளுக்கிடையே ஓடும் ஆறு.

1976-ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. வேலை இல்லாத நாளில் அப்பா என்னையும் தம்பியையும் பஸ் ஏற்றி அங்கே கூட்டிப் போவார். கையில் புளிச்சோறும் கருவாடும் இருக்கும். குரங்குகளிடமிருந்து அந்தப் பொட்டலத்தைக் காப்பாற்றுவது தம்பியின் பொறுப்பு. ஆற்றோரம் போய்ச் சேர்ந்ததும் அப்பா செய்யும் முதல் வேலை, ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் தொடும் இடத்தில் நட்டு வைப்பதுதான். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சாப்பிடும்போதும் பீடி பிடிக்கும்போதும் அவர் கண் அந்தக் குச்சியின் மேலேயே இருக்கும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். அப்போதுதான் சொன்னார். சிறுவயதில் தோட்டத்து ஆற்றோரம் அவர் ஒரு பசுவைக் கட்டி வைத்திருந்தாராம். தோட்டத்தில் சொட்டு மழை இல்லையாம். மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்கி வந்து, பசுவை முளைக்கம்போடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாம். "பாப்பா, தலைக்கு மேல இருக்கிற வானத்தப் பாக்காத. மலையப் பாரு, அதுக்கப்புறம் தண்ணியப் பாரு. வானம் பொய் சொல்லும், தண்ணி சொல்லாது" என்றார்.

தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் வீடமைப்புக்குப் போய்விட்டது. லயம் இருந்த இடம் தெரியவில்லை. ரவாங்கில் மாடிவீட்டுக்கு வந்து சேர்ந்தோம். 2009-இல் அப்பா காலமானார். அதன் பிறகு ஆண்டுக்கு நாலைந்து முறை அந்த ஆற்றோரப் பாதையில் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பிரிந்து போன தோட்டத்தில் எனக்கு மிஞ்சியிருந்தது அந்தப் பாதை ஒன்றுதான்.

நம் நாட்டில் பருவம் ஏது, வருஷம் முழுக்க ஒரே வெயிலும் மழையும்தானே என்று பலர் கேட்பார்கள். பால் மரத்தோடு வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும் நாட்களில் கன்சிங் ஆறும் இளைத்துப்போகும். மற்ற மாதங்களில் மூழ்கிக் கிடக்கும் பாறைகள் முதுகைக் காட்டும். ஏப்ரல் பிறந்தால் காலையில் வெயில், மாலையில் இடி. ஜூன், ஜூலையில் மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியும். பாதை முடிந்து சடக்குக்கு வந்தால் டுரியான் வாசம் அடிக்கும். ஆகஸ்டு வாக்கில் ரப்பர் விதை வெடித்துச் சிதறும் காலத்தில், சில ஆண்டுகளில் புகைமூட்டம் வந்து எதிர்மலையை மறைத்துவிடும். பிறகு தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பர். பிற்பகல்தோறும் மழை. அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அழகு என்றால் அப்போதுதான் அழகு. ஆபத்தும் அப்போதுதான்.

அந்தக் காட்டில் காப்பூர் மரங்கள் நிற்கின்றன. இலையைக் கசக்கி முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். அந்தக் காலத்தில் இந்த மரத்திலிருந்தும் கற்பூரம் எடுக்கப்பட்டது. சுமத்திராவின் பாருஸ் துறைமுகம் அதற்குப் பேர்போனது. அதற்கு அருகில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ் வணிகர்களின் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இன்று நாம் கோயிலில் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ஆனாலும் பால் வெட்ட வந்த நம் பாட்டன்மாருக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் இந்த வட்டாரத்துக் காட்டுச் சரக்கைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரத் தோன்றும். கியாம் கன்சிங் என்ற மரமும் அங்கே உண்டு. கன்சிங்கின் பெயரையே தாங்கிய அரிய மரம். 2017-இல் திறந்த ரவாங் மாற்றுச் சாலையை, இந்த மரங்களைக் காப்பதற்காகத்தான் வழி மாற்றி உயரமான தூண்களின் மேல் கொண்டுபோனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2018, அக்டோபர் மாதம். தம்பி மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "அத்தை, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று ஒரு வாரமாக நச்சரித்தான். தம்பியும் அவன் மனைவியும் கீழே நின்றுகொள்ள, நாங்கள் இருவரும் நாலாவது அடுக்குவரை ஏறினோம். பிற்பகல் மூன்று மணி இருக்கும். கைத்தொலைபேசியில் பார்த்தேன். ரவாங்கில் மழை இல்லை என்று காட்டியது. தலைக்கு மேலே நீலவானம். பையனைத் தண்ணீரில் இறங்கவிட்டேன்.

குச்சி நடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். பக்கத்தில் பட்டணத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் பார்த்துச் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டேன். கையில்தான் தொலைபேசி இருக்கிறதே என்ற நினைப்பு வேறு.

சற்று நேரத்தில் தண்ணீரில் காய்ந்த இலைகள் மிதந்து வந்தன. பிறகு சுள்ளிகள். கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் தேத்தண்ணி நிறமாகியது. நிமிர்ந்து மலையைப் பார்த்தேன். உச்சி கறுத்துக் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் உடனே எழுந்தேனா? இல்லை. "இன்னும் அஞ்சே நிமிஷம் அத்தை" என்றான் பையன். அந்தப் பிள்ளைகளோ சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் பயப்படாதபோது நான் மட்டும் கூச்சல் போடுவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நாலு நிமிடம் இருக்கும். அந்த நாலு நிமிடத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திடீரென்று மேலே லாரி வருவதுபோல் ஒரு உறுமல். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரைச்சரிவில் ஏறினேன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். அவர்களும் அலறிக்கொண்டு ஏறினார்கள். கீழே ஒரு மலாய்க்காரத் தாய் இரண்டு குழந்தைகளோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். "ஆயேர் நாயிக்! ஆயேர் நாயிக்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முதலில் அவருக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து என் கையசைப்பைப் பார்த்தார். ஒரு குழந்தையை இடுப்பிலும் மற்றதைக் கையிலும் பிடித்துக்கொண்டு மேலேறினார். அவர் கால் பாதையில் பட்டதும் தண்ணீர் வந்தது. மஞ்சள் நிறத்தில், மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை, என் செருப்பு, சோற்றுத் தூக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தலைக்கு மேலே வானம் அப்போதும் நீலமாகத்தான் இருந்தது.

மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் பெய்யும் மழை பல ஓடைகளில் இறங்கி, குறுகலான ஒரே பாறைவழியில் சேர்வதால் இப்படிப் பாய்ந்து வருகிறது. சில சமயம் விழுந்து கிடக்கும் மரங்கள் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பிறகு உடைத்துக்கொள்வதும் உண்டு. தண்ணீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூடுவது, இரைச்சல் மாறுவது, மட்டம் ஏறுவது, இவைதான் அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும் போதும். ஆற்றின் வழியே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் கரைமேல் ஏறவேண்டும். சாமான்களை எடுக்கத் திரும்பக்கூடாது. எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் வடியும்வரை அங்கேயே காத்திருக்கவேண்டும்.

அன்று கீழே இறங்கியதும் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைக் கோபிக்கவில்லை. மகனை அணைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்பா குச்சி நட்டிருப்பாரு, இல்லக்கா?" என்றான். அவ்வளவுதான். அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

ஓராண்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு பையன்தான் என்னை அழைத்துப்போனான். ஆற்றைக் கண்டு பயந்து ஒதுங்குவதற்காக அப்பா அந்தப் பாடத்தைச் சொல்லித் தரவில்லை, ஆற்றோடு பழகுவதற்காகவே சொல்லித் தந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போதும் பருவத்துக்கு ஒருமுறை போகிறோம். மழை மாதங்களில் காலையிலேயே ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடுகிறோம். தண்ணீரில் கால் வைப்பதில்லை, கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

பையன் இன்று என்னைவிட உயரம். ஆற்றோரம் போய்ச் சேர்ந்ததும் அவன் செய்யும் முதல் வேலை, குச்சி ஒடித்து நடுவதுதான். போன முறை பக்கத்தில் இருந்த சிறுவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் வெட்கப்படவில்லை. "இங்க வாங்கடா, எங்க தாத்தா கதை ஒண்ணு சொல்றேன்" என்று அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை ஆற்றுக்கும் அருவிக்கும் அழைத்துச் செல்லும் அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். நாலு பேர் சிரிப்பார்களே என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.